பண்ட முன்பேரச் சந்தையை ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெரும்போக வெட்டுத் தொடங்கி நெல் விலை சரிகின்ற ஒவ்வொரு மாசியிலும், இந்தியாவில் இருப்பதுபோல நமக்கும், பின்னொரு மாதத்தில் கொடுக்கப்போகும் சரக்குக்கு இன்றே விலை பேசும் ஒரு முன்பேரச் சந்தை இருந்தால் என்ன என்ற பேச்சு தம்பலகாமத்திலும் கிண்ணியாவிலும் எழுகிறது. திருகோணமலையில் உயர்தர மாணவர்களுக்கு வர்த்தகப் பாடம் கற்பிக்கும் எனக்கு, அதற்கு முன்னதாகக் கேட்கவேண்டிய வேறொரு கேள்வி இருப்பதாகப் படுகிறது. அத்தகைய சந்தையை யார் மேற்பார்வை செய்வார்கள், அவர்களின் கையில் எவ்வளவு அதிகாரம் இருக்கும்? மாணவர்களும், அவர்களின் பெற்றோரான விவசாயிகளும், நகரில் மொத்த வியாபாரம் செய்பவர்களும் என்னிடம் கேட்டவற்றைத் தொகுத்து இங்கே விடை எழுதியிருக்கிறேன்.

விதைப்புக் காலத்தில் வியாபாரியிடம் பசளைக்கு முன்பணம் வாங்கி, வெட்டு முடிந்ததும் நெல்லாகக் கொடுக்கிறோம். முன்பேரம் என்பதும் அதுதானே?

வேர் ஒன்றுதான், ஆனால் மரம் வேறு. நீங்கள் சொல்லும் ஏற்பாட்டில் இரண்டு பேர் மட்டுமே இருக்கிறார்கள். விலை வியாபாரியின் கொப்பியில் இருக்கிறது. அவர் லொறியோடு வராவிட்டாலும், நீங்கள் வேறொருவருக்கு விற்றுவிட்டாலும் மற்றவருக்குப் போக்கிடம் இல்லை. முன்பேரச் சந்தையில் எத்தனை கிலோ, என்ன தரம், எந்தப் பண்டகசாலை, எந்த மாதம் என்பவை எல்லாம் முன்கூட்டியே வரையறுக்கப்பட்டிருக்கும். பேசி முடிவாவது விலை ஒன்றே. வாங்குபவரும் விற்பவரும் ஒருவரை ஒருவர் அறியமாட்டார்கள். இருவருக்கும் நடுவில் தீர்வகம் என்ற அமைப்பு நின்று, வாங்குபவருக்கு விற்பவராகவும் விற்பவருக்கு வாங்குபவராகவும் பொறுப்பேற்கும். அந்தப் பொறுப்புக்காக இருவரிடமும் 'மார்ஜின்' எனப்படும் பிணைத்தொகையை வாங்கி வைத்துக்கொண்டு, விலை மாறமாற அன்றன்றே கணக்கைத் தீர்க்கும். ஜப்பானின் ஒசாக்கா நகரில் இருந்த டோஜிமா அரிசிச் சந்தைக்கு 1730இல் அந்நாட்டு ஆட்சி அங்கீகாரம் கொடுத்தது. நெல் விளையும் நாடு ஒன்றில்தான் இந்த வணிகம் முதன்முதலாக ஒழுங்கான வடிவம் பெற்றது என்பதை மாணவர்களுக்கு நான் விடாமல் சொல்வதுண்டு.

கணக்குக்காக ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். கார்த்திகையில் ஒருவர், மாசியில் கொடுப்பதாகக் கிலோ 120 ரூபாவுக்கு விற்பனை ஒப்பந்தம் எடுக்கிறார். மாசியில் விலை 105 ஆகிவிட்டால், வயலில் அவர் நெல்லை 105க்கு விற்றாலும் ஒப்பந்தத்தில் 15 ரூபா இலாபம் கிடைக்கும். விலை 130 ஆனால் ஒப்பந்தத்தில் 10 ரூபா நட்டம், நெல்லில் 10 ரூபா கூடுதல். எப்படிப் பார்த்தாலும் கையில் நிற்பது 120. ஆனால் அந்த 10 ரூபா நட்டத்தை, நெல் இன்னும் வயலில் நிற்கும்போதே நாளுக்கு நாள் காசாகக் கட்டவேண்டியிருக்கும். முன்பேரச் சந்தையைப் புகழ்ந்து பேசுபவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தை வேகமாகக் கடந்து போகிறார்கள். கையில் காசில்லாத விவசாயிக்கு இதுதான் முதல் சிக்கல்.

ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு விலையைத் தீர்மானிக்குமா?

தீர்மானிக்காது, தீர்மானிக்கவும் கூடாது. நம் நாட்டில் நெல்லுக்கான விலையை அரசு அறிவிப்பதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது விளங்குவது கடினம். 2025 பெப்ரவரியில் நாட்டு நெல் கிலோ 120 ரூபா, சம்பா 125, கீரிச்சம்பா 132 என்று அரசு அறிவித்து, நெல் சந்தைப்படுத்தல் சபை ஊடாகக் கொள்வனவு செய்தது. அரிசிக்கு உச்ச சில்லறை விலை விதிப்பது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபை. இவை இரண்டும் விலையைத் தொடும் அமைப்புகள். முன்பேரச் சந்தை ஆணைக்குழு விலையைத் தொடாமல், அந்த விலை உருவாகும் முறையைக் காக்கும் அமைப்பு.

இதற்கு ஒரு கடுமையான சாட்சி 2020 ஏப்ரல் 20ஆம் திகதி. கொவிட் முடக்கத்தால் எண்ணெய்க்குத் தேவை அற்றுப்போன அந்த நாட்களில், ஒப்பந்த எண்ணெயை ஒப்படைக்கும் இடமான அமெரிக்காவின் குஷிங் நகரில் எண்ணெயைச் சேமிக்க இடம் கிடைக்கவில்லை. மே மாத ஒப்பந்தம் பீப்பாய் ஒன்றுக்குச் சுழியத்துக்குக் கீழே 37.63 டொலர் என்ற விலையில் முடிந்தது. அதாவது எண்ணெயை எடுத்துச் செல்பவருக்கு விற்பவர் காசு கொடுக்கவேண்டியதாயிற்று. சீனக்குடாவில் காட்டுக்குள் நிற்கும் எண்ணெய்க் குதங்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு, காலியான ஒரு குதத்தின் பெறுமதி என்னவென்று அன்று விளங்கியிருக்கவேண்டும். அந்த விலை எத்தனையோ பேரை அழித்தது. ஆனாலும் அமெரிக்காவின் பண்ட முன்பேரச் சந்தை ஆணைக்குழு அதை இரத்துச் செய்யவில்லை. விலை எதிர்மறையாகப் போகக்கூடும் என்று சந்தை நிலையம் சில நாட்களுக்கு முன்னரே அறிவித்திருந்தது; விதிகள் நடுவழியில் மாற்றப்படவில்லை. ஆணைக்குழு பின்னர் அந்த நாளின் வணிகத்தை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது.

அப்படியானால் அதற்கு என்னதான் வேலை?

பலகையில் தெரியும் விலை, உண்மையாகவே வாங்க நினைப்பவர்களும் விற்க நினைப்பவர்களும் சேர்ந்து உண்டாக்கிய விலையாக இருக்கவேண்டும். ஒருவர் பொய்யாக உண்டாக்கிய விலை என்றால், அந்தச் சந்தைக்குள் கால் வைக்காத விவசாயியும் ஏமாறுகிறார், ஏனென்றால் ஆலைக்காரர் அந்தப் பலகையைப் பார்த்துத்தான் அவரிடம் விலை பேசுவார். எனவே ஆணைக்குழு காப்பது சந்தையில் இருப்பவர்களை மட்டும் என்று நினைப்பது தவறு. மற்றக் கடமைகள் எல்லாம் இதிலிருந்தே கிளைக்கின்றன: கட்டிய பணம் பத்திரமாக இருக்கவேண்டும், ஒப்பந்தத்தில் சொன்ன சரக்கு சொன்ன தரத்தில் சொன்ன இடத்தில் இருக்கவேண்டும், யார் எவ்வளவு வைத்திருக்கிறார் என்பது மேற்பார்வையாளருக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

கடைசியாகச் சொன்னது மிகச் சாதாரணமாகத் தோன்றும். உண்மையில் அதுதான் ஆணைக்குழுவின் கண். அமெரிக்காவில் குறித்த அளவுக்கு மேல் ஒப்பந்தம் வைத்திருக்கும் ஒவ்வொருவரின் கணக்கும் நாள்தோறும் ஆணைக்குழுவுக்குப் போகிறது. அவற்றின் கூட்டுத்தொகையை, பெயர்களை நீக்கி, செவ்வாய்க்கிழமை நிலவரப்படி வெள்ளிக்கிழமைகளில் அது பொதுமக்களுக்கு வெளியிடுகிறது. ஆலைக்காரர்களும் ஏற்றுமதியாளர்களும் எவ்வளவு வைத்திருக்கிறார்கள், ஊக வணிகர்கள் எவ்வளவு வைத்திருக்கிறார்கள் என்பதை வீட்டில் இருந்தபடி எவரும் பார்க்கலாம். நம் நாட்டில் எந்த ஆலைக்காரரின் களஞ்சியத்தில் எவ்வளவு நெல் கிடக்கிறது என்பதை அறிய ஒவ்வோர் ஆண்டும் நடக்கும் இழுபறியை நினைத்துப் பார்த்தால், இந்த ஒரு வெள்ளிக்கிழமை அறிக்கையின் அருமை புரியும்.

சட்டப்படி அதற்கு என்னென்ன அதிகாரங்கள் இருக்கும்?

நாட்டுக்கு நாடு வேறுபடும். பொதுவாகச் சொன்னால், அனுமதி இல்லாமல் எவரும் சந்தை நிலையமோ தீர்வகமோ நடத்த முடியாது. தரகர்கள் பதிவு செய்யவேண்டும். பதிவைக் கொடுக்கவும் பறிக்கவும் ஆணைக்குழுவுக்கு உரிமை உண்டு. புதிய ஒப்பந்தம் ஒன்றை அறிமுகப்படுத்தும்போது அதன் தரம், அளவு, ஒப்படைக்கும் இடம் ஆகியவை எளிதில் வளைக்கப்படக்கூடியவையா என்று அது பார்க்கும். ஒருவர் வைத்திருக்கக்கூடிய ஒப்பந்தங்களுக்கு உச்ச வரம்பு விதிக்கலாம். உண்மையான நெல்லை வைத்துக்கொண்டு பாதுகாப்புக்காக விற்பவருக்கு அந்த வரம்பிலிருந்து விலக்கும் கொடுக்கலாம். கணக்குப் புத்தகங்களையும் தொலைபேசிப் பதிவுகளையும் கேட்டு வாங்கலாம், ஆட்களை அழைத்து விசாரிக்கலாம், அபராதம் விதிக்கலாம், வாழ்நாள் முழுதும் சந்தைக்குள் வரக்கூடாது என்று தடுக்கலாம். சிறைத்தண்டனை ஆணைக்குழுவின் கையில் இல்லை; அதற்கு வழக்குத் தொடுநரும் நீதிமன்றமும் வேண்டும்.

அவசரகால அதிகாரத்தைத் தனியாகச் சொல்லவேண்டும். 1980 ஜனவரியில் சோவியத் ஒன்றியத்துக்குத் தானியம் விற்பதை ஜனாதிபதி கார்ட்டர் திடீரென்று தடுத்தபோது, அமெரிக்க ஆணைக்குழு கோதுமை, சோளம், ஓட்ஸ், சோயா ஆகியவற்றின் முன்பேர வணிகத்தை இரண்டு நாட்களுக்கு நிறுத்தி வைத்தது. செய்தியை எல்லோரும் அறிந்து, தீர்வகங்கள் தங்கள் கணக்கைச் சரிபார்த்து, பிறகு கதவு திறந்தது. இரண்டு நாள் என்பதுதான் இதில் நான் சுட்டிக்காட்ட விரும்புவது. நிறுத்துவதற்குக் காரணமும் முடிவுநாளும் இருந்தன.

அபராத அதிகாரம் பலவீனமாக இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இந்தியா பக்கத்திலேயே இருக்கும் பாடம். அங்கே 1952ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் 1953இல் அமைக்கப்பட்ட முன்பேரச் சந்தைகள் ஆணையம், 2003இல் நாடளாவிய மின்னணுச் சந்தைகள் தொடங்கிய பின்னரும் பழைய சட்டத்தையே வைத்துக்கொண்டு வேலை செய்யவேண்டியிருந்தது. தானாகப் பெருந்தொகை அபராதம் விதிக்கும் உரிமை அதற்கு இல்லை. 2015 செப்டெம்பர் 28ஆம் திகதி அந்த ஆணையம், இந்தியாவின் பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் 'செபி'யுடன் இணைக்கப்பட்டது. செபியோ மோசடிக்கு 25 கோடி ரூபா அல்லது அடைந்த இலாபத்தின் மூன்று மடங்கு, இவற்றில் எது கூடுதலோ அதுவரை அபராதம் விதிக்கக்கூடிய அமைப்பு. பழைய முன்பேர ஆணையமோ அறுபது ஆண்டுகளுக்கு மேலாகப் பல் இல்லாமல் காவல் நின்ற அமைப்பு.

ஒருவரே சரக்கை எல்லாம் வளைத்துப் போட்டுவிட்டால்?

நிலாவெளி, குச்சவெளிப் பக்கம் வெங்காயம் வைப்பவர்களுக்கு இந்தக் கதை நன்றாக விளங்கும். 1955இல் சிக்காகோவில் வின்சென்ட் கொசுகா, சாம் சீகல் என்ற இரு வணிகர்கள், அந்நகரக் களஞ்சியங்களில் இருந்த வெங்காயத்தில் ஏறக்குறைய முழுவதையும் தங்கள் கைக்குள் கொண்டுவந்தார்கள். பிறகு, விலை விழுந்தால் இலாபம் தரும் ஒப்பந்தங்களைப் பெருமளவில் எடுத்துக்கொண்டு, சேர்த்து வைத்த வெங்காயத்தைச் சந்தையில் கொட்டினார்கள். 1955 ஓகஸ்டில் 2 டொலர் 75 சதமாக இருந்த 50 இறாத்தல் மூடை, 1956 மார்ச்சில் 10 சதத்துக்கு வந்தது. சாக்கின் விலை உள்ளே இருந்த வெங்காயத்தின் விலையைவிடக் கூடுதலாயிற்று. வெங்காயம் விளைவித்த குடும்பங்கள் பல மீளமுடியாமல் போயின.

அன்று அந்தச் சந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தது விவசாயத் திணைக்களத்தின் ஒரு சிறிய பிரிவு. தனியான, பலமான ஆணைக்குழு அமெரிக்காவில் 1974ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம்தான் உருவானது. எனவே நாடாளுமன்றத்துக்குத் தெரிந்த ஒரே மருந்து தடை. மிச்சிகன் மாநில உறுப்பினராக இருந்த, பின்னாளில் ஜனாதிபதியான ஜெரால்ட் ஃபோர்ட் முன்னின்று, 1958இல் வெங்காய முன்பேரத்தைத் தடைசெய்யும் சட்டம் நிறைவேறியது. அது இன்றைக்கும் நடைமுறையில் இருக்கிறது. விவசாயிகளின் கோபத்தில் முழு நியாயம் இருந்தது என்றே நான் நினைக்கிறேன். ஆனால் தடைக்குப் பிறகும் வெங்காய விலை ஏறி இறங்குவது நிற்கவில்லை. முன்கூட்டியே விலையைப் பிடித்து வைக்கும் வழி மட்டும் விவசாயிக்கு அடைபட்டுப் போயிற்று.

வெள்ளி விடயத்தில் வேறு விதமாக நடந்தது. அமெரிக்கச் செல்வந்தர்களான ஹன்ட் சகோதரர்கள் வாங்கிக் குவித்ததால் 1979 தொடக்கத்தில் அவுன்ஸ் 6 டொலர் அளவில் இருந்த வெள்ளி, 1980 ஜனவரியில் 50 டொலரை நெருங்கியது. சந்தை நிலையம் ஒருவர் வைத்திருக்கும் அளவுக்கு வரம்பு விதித்து, பிறகு புதிதாக வாங்குவதையே நிறுத்தியது. மார்ச் 27ஆம் திகதி விலை 10.80 டொலருக்கு விழுந்தது. 1988இல் நியூயோர்க் யூரிகள் அவர்கள் சதி செய்ததாகத் தீர்ப்பளித்தார்கள். வரம்பு முதலிலேயே இருந்திருந்தால் அத்தனை உயரத்துக்கு விலை போயிருக்காது. பின்னால் வந்த வரம்பு நெருப்பை அணைக்கும்போது வீட்டையும் சேர்த்து இடித்தது.

இப்போது கணினி வழியாக வாங்கி விற்கிறார்கள். மோசடியும் மாறிவிட்டதா?

மாறிவிட்டது. நிறைவேற்றும் எண்ணமே இல்லாமல் பெரிய ஓடர்களைப் போட்டுக் காட்டி, மற்றவர்கள் அதை நம்பி விலையை நகர்த்தியதும் கண் இமைக்கும் நேரத்தில் அவற்றை இரத்துச் செய்து, மறுபக்கத்தில் இலாபம் எடுப்பது இன்று பரவலான குற்றம். அமெரிக்காவில் 2010ஆம் ஆண்டுச் சட்டம் இதைப் பெயர் சொல்லித் தடைசெய்தது. தங்கம், வெள்ளி முதலியவற்றில் இவ்வாறு நடந்துகொண்டதற்காக ஜே.பி. மோர்கன் வங்கி 2020 செப்டெம்பரில் 92 கோடி டொலருக்கு மேல் கட்டுவதற்கு உடன்பட்டது. இதைக் கண்டுபிடிக்க ஒவ்வொரு ஓடரின் நேரமும், இரத்துச் செய்த நேரமும் சேமிக்கப்பட்டிருக்கவேண்டும். அந்தத் தரவைப் படிக்கத் தெரிந்தவர்கள் ஆணைக்குழுவில் இருக்கவேண்டும்.

உணவுப் பொருளின் விலை ஏறினால், முன்பேரத்தைத் தடை செய்துவிடுவதுதானே நல்லது?

இந்தியா பலமுறை அப்படிச் செய்தது. 2007 ஜனவரியில் துவரைக்கும் உழுந்துக்கும், பெப்ரவரியில் கோதுமைக்கும் அரிசிக்கும் தடை வந்தது. முன்பேரம்தான் விலையை ஏற்றியதா என்று ஆராய பொருளியலாளர் அபிஜித் சென் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. 2008இல் அந்தக் குழு கொடுத்த அறிக்கை, அப்படி ஒரு தொடர்பை உறுதியாக நிறுவமுடியவில்லை என்றது. இருந்தும் 2021 டிசம்பரில் நெல், கோதுமை, கடலை, கடுகு, சோயா, பாமாயில், பாசிப்பயறு ஆகிய ஏழு பண்டங்களின் முன்பேரத்தைச் செபி ஓராண்டுக்கு நிறுத்தி, பிறகு திரும்பத் திரும்ப நீட்டித்தது.

என் கருத்தைச் சொல்கிறேன். மக்கள் பசியோடு இருக்கும்போது அரசு கையைக் கட்டிக்கொண்டு நிற்கவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் விலை ஏறும்போது மட்டும் மூடப்படும் சந்தை, விவசாயிக்கு விலை இறங்கும் பயத்தை மட்டும் விட்டுவைத்து ஏறும் நம்பிக்கையைப் பறித்துவிடுகிறது. வரம்பைக் குறைப்பது, மார்ஜினைக் கூட்டுவது, ஒரு நாளில் விலை நகரக்கூடிய எல்லையை இறுக்குவது என்று ஆணைக்குழுவின் கையில் சிறிய கருவிகள் பல இருக்கின்றன. 2022 மார்ச்சில் உக்ரேன் போர் தொடங்கியதும் சிக்காகோ கோதுமை நாளுக்கு நாள் அன்றாட எல்லையைத் தொட்டுத் தொட்டுப் புசலுக்கு 13 டொலரைத் தாண்டியது. சந்தை மூடப்படவில்லை, சில வாரங்களில் விலை தணிந்தது. சீனக்குடா மாவு ஆலைக்குக் கப்பலில் வரும் கோதுமையின் விலையும், அதன் வழியாக நம் பாணின் விலையும் இந்தச் சந்தையோடு கட்டப்பட்டிருப்பதை மறந்துவிடக்கூடாது. அந்த ஆண்டு டொலர் இல்லாமலும் நாம் தவித்தோம் என்பது வேறு விடயம்.

தரகரிடம் கட்டும் காசு எங்கே இருக்கும்?

வாடிக்கையாளரின் பணம் தரகரின் சொந்தப் பணத்தோடு கலக்கக்கூடாது. தனிக் கணக்கில் இருக்கவேண்டும். ஒழுங்குபடுத்தும் விதிகளில் பழையதும் மிக முக்கியமானதும் இதுதான். 2011இல் எம்.எஃப். குளோபல் என்ற பெரிய தரகு நிறுவனம் வீழ்ந்தபோது வாடிக்கையாளர் பணத்தில் ஏறக்குறைய 160 கோடி டொலர் காணாமல் போயிருந்தது. பின்னர் நீண்ட முயற்சிக்குப் பிறகு அது மீட்கப்பட்டது. அடுத்த ஆண்டு பெரக்ரின் என்ற நிறுவனத்தில் 20 கோடி டொலருக்கு மேல் இல்லை என்று தெரியவந்த விதம் மனதை உறுத்துவது. அதன் உரிமையாளர் ஏறக்குறைய 20 ஆண்டுகளாக வங்கிக் கணக்கறிக்கைகளைத் தானே பொய்யாகத் தயாரித்து வந்தார். மேற்பார்வையாளர்கள் வங்கிக்கு அனுப்பிய கடிதங்கள், வங்கியின் பெயரில் அவரே எடுத்து வைத்திருந்த ஒரு தபால் பெட்டிக்குப் போயின. பதிலையும் அவரே எழுதினார். வங்கியிலிருந்து மின்னணு முறையில் நேரடியாக உறுதிப்படுத்தல் கேட்கத் தொடங்கியதும் பொய் உடைந்தது. அதிகாரம் சட்டத்தில் இருந்தது; தபால் பெட்டி யாருடையது என்று ஒருவரும் போய்ப் பார்க்கவில்லை.

பண்டகசாலையில் சரக்கு உண்மையாகவே இருக்கிறதா என்று யார் பார்ப்பார்கள்?

தம்பலகாமத்தில் வெட்டு மெஷின் போன கையோடு வீதியோரத்தில் நெல் காய்வதையும், கொள்வனவுக்கு வருபவர் குவியலின் நடுவில் கையை விட்டு ஒரு பிடி அள்ளி ஈரமானியில் போடுவதையும் பார்த்திருப்பீர்கள். 14 சதவீதத்துக்கு மேல் ஈரம் காட்டினால் விலை அந்த இடத்திலேயே இறங்கும். கருவி சரிதானா என்று விவசாயி கேட்டால், வேண்டுமென்றால் கொடுங்கள், இல்லாவிட்டால் விடுங்கள் என்ற பதில் வரும். போன ஆண்டு என் மாணவன் ஒருவனின் தகப்பனார் ஒரே நெல்லை இரண்டு வியாபாரிகளின் கருவிகளில் போட்டுப் பார்த்தார். ஒன்று 15 காட்டியது, மற்றது 18. முன்பேரச் சந்தையில் இதே பிரச்சினை ஆயிரம் மடங்காகும். ஆகவே அங்கீகரிக்கப்பட்ட பண்டகசாலை, சுயாதீனமான தரப் பரிசோதகர், இருப்புக்கு ஈடாகக் கொடுக்கப்படும் பற்றுச்சீட்டு ஆகிய மூன்றும் ஆணைக்குழுவின் பார்வைக்குள் இருக்கவேண்டும்.

இருக்காவிட்டால் என்ன நடக்கும் என்பதை 2013 ஜூலை 31ஆம் திகதி மும்பையில் பார்த்தோம். என்.எஸ்.இ.எல். என்ற, முன்பேரம் இல்லாமல் சரக்கை உடனே வாங்கி விற்பதற்கான உடனடிச் சந்தை நிலையம் அன்று வணிகத்தை நிறுத்தியபோது, ஏறக்குறைய 13,000 முதலீட்டாளர்களுக்கு 5,600 கோடி இந்திய ரூபா நிலுவையாக இருந்தது. பண்டகசாலைகளைத் திறந்து பார்த்தால், சொல்லப்பட்ட சரக்கில் பெரும்பகுதி அங்கே இல்லை. அந்த நிலையம் 2007இல் பெற்ற ஒரு விதிவிலக்கின்கீழ் நடந்து வந்தது. அது உடனடிச் சந்தை என்பதால் முன்பேர ஆணையத்தின் முழு அதிகாரத்துக்குள் வரவில்லை. இரண்டு அலுவலகங்களுக்கு நடுவில் இருந்த அந்த இடைவெளிக்குள்தான் 13,000 பேரின் பணம் விழுந்தது. அதே ஆண்டு டிசம்பரில், அதன் தாய் நிறுவனம் வேறொரு பெரிய பண்டச் சந்தையை நடத்தத் தகுதியற்றது என்று ஆணையம் தீர்மானித்தது.

இலங்கையில் இப்படி ஓர் ஆணைக்குழு இருக்கிறதா?

நெல்லுக்கோ வெங்காயத்துக்கோ தேயிலைக்கோ முன்பேரச் சந்தை எதுவும் இங்கே இயங்கவில்லை. 1883இல் தொடங்கிய கொழும்புத் தேயிலை ஏலம் உலகப் புகழ் பெற்றதுதான், ஆனால் அங்கே விற்கப்படுவது கையில் இருக்கும் தேயிலை. பங்குகளும் கடன்பத்திரங்களும் விற்கப்படும் சந்தையை, 2021ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழு மேற்பார்வை செய்கிறது. நாளைக்கு ஒரு பண்டச் சந்தை வருவதானால், அதன் பொறுப்பை யாரிடம் கொடுப்பது, பண்டகசாலைகளை யார் பார்ப்பது, விவசாய அமைச்சின் எல்லை எங்கே முடிகிறது என்பவற்றைச் சந்தை திறக்கும் முன்னர் எழுத்தில் வைக்கவேண்டும். மும்பையில் திறந்துவிட்டு எழுதினார்கள்.

பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தின் 'ஹெட்ஜிங்' விவகாரம் இதில் சேருமா?

சேரும், ஆனால் வேறு ஒரு பக்கத்திலிருந்து. 2007, 2008இல் கூட்டுத்தாபனம் எண்ணெய் விலை ஏற்றத்திலிருந்து தப்புவதற்காக வங்கிகளுடன் நேரடியாக ஒப்பந்தங்கள் செய்தது. விலை ஏறினால் கூட்டுத்தாபனத்துக்குக் கிடைக்கும் தொகைக்கு வரம்பு இருந்தது. விலை விழுந்தால் அது கட்டவேண்டிய தொகை விழுகின்ற அளவுக்குப் பெருகியது. 2008 ஜூலையில் பீப்பாய் 147 டொலரைத் தொட்ட எண்ணெய், டிசம்பரில் 40 டொலருக்கும் கீழே வந்தது. நவம்பரில் உயர் நீதிமன்றம் கொடுப்பனவுகளை இடைநிறுத்தியது. பிறகு வழக்குகள் வெளிநாடு போயின. டொய்ச் வங்கிக்கு ஏறக்குறைய 6 கோடி டொலர் செலுத்தவேண்டும் என்று 2012இல் சர்வதேச நடுவர் மன்றம் தீர்ப்பளித்தது. ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட் வங்கி லண்டன் நீதிமன்றத்தில் வென்றது. சிற்றிபாங்கின் கோரிக்கை நடுவர் மன்றத்தில் தள்ளுபடியானது.

இவை சந்தை நிலையத்தில் எல்லோருக்கும் தெரிய எடுத்த ஒப்பந்தங்கள் இல்லை. அறைக்குள் இருவர் செய்துகொண்டவை. நடுவில் தீர்வகம் இல்லை, அன்றன்றைக்குக் கணக்குத் தீர்ப்பதும் இல்லை, நட்டம் எவ்வளவு சேர்கிறது என்று வெளியே பார்ப்பவரும் இல்லை. 2008 நெருக்கடிக்குப் பிறகு அமெரிக்கா 2010இல் இத்தகைய ஒப்பந்தங்களையும் ஆணைக்குழுவின் அதிகாரத்துக்குள் கொண்டுவந்து, பலவற்றைத் தீர்வகம் வழியாகச் செய்யவும், யாவற்றையும் பதிவு செய்யவும் கட்டாயப்படுத்தியது. இவ்வளவு பெரிய எண்ணெய்க் குதத் தொகுதியைப் பக்கத்தில் வைத்திருக்கும் நாம், எண்ணெய் விலையைக் காப்புறுதி செய்யும் கலையைக் கைவிடக்கூடாது. வெளிச்சத்தில் செய்யக் கற்றுக்கொள்ளவேண்டும்.

தொலைபேசிச் செயலியில் எண்ணெயும் தங்கமும் வாங்கி விற்கலாம் என்கிறார்களே, நம்பலாமா?

உப்புவெளியைச் சேர்ந்த தம்பி ஒருவர், பஸ் நிலையத்துக்கு அருகே தேநீர்க் கடையில் என் முன்னால் தொலைபேசியை வைத்தார். திரையில் அவரது கணக்கில் 1,840 டொலர் என்று பச்சை எழுத்தில் இருந்தது. பணத்தை எடுக்கும் பொத்தானை அழுத்தினார். முதலில் 20 சதவீத வரியைத் தனியாகக் கட்டினால்தான் பணம் விடுவிக்கப்படும் என்று ஒரு செய்தி வந்தது. அவர் அதற்கு முன்னரே ஒருமுறை கட்டியிருந்தார். மனைவியின் சங்கிலியை அடகு வைத்த காசு அது. பச்சை எழுத்தில் இருந்தது வெறும் எழுத்து. அதன் பின்னால் எண்ணெயும் இல்லை, சந்தையும் இல்லை.

உண்மையான தரகர் ஏதாவது ஒரு நாட்டின் ஆணைக்குழுவில் பதிவு பெற்றிருப்பார். அந்தப் பதிவை அந்த ஆணைக்குழுவின் தளத்தில் நீங்களே தேடிப் பார்க்கலாம். செயலி காட்டும் சான்றிதழை நம்பக்கூடாது. பதிவில்லாமல் ஆட்களைச் சேர்க்கும் வெளிநாட்டு நிறுவனங்களின் எச்சரிக்கைப் பட்டியல் ஒன்றை அமெரிக்க ஆணைக்குழு வெளியிடுகிறது. ஆள் சேர்த்தால் பங்கு என்று சொன்னால் அது பிரமிட் திட்டம். வங்கித்தொழில் சட்டத்தின் 83சி பிரிவின்கீழ் அது இங்கே குற்றம், இலங்கை மத்திய வங்கியிடம் முறையிடலாம். வெளிநாட்டு ஆணைக்குழுவின் கை இங்கே நீளாது என்பதையும், போன பணம் பெரும்பாலும் போனதுதான் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எடுப்பதற்கு முன் காசு கட்டச் சொன்னால், அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள்.

ஆணைக்குழுவை யார் கண்காணிப்பது?

அமெரிக்கச் சட்டம் ஐந்து ஆணையாளர் இடங்களை வைத்து, அவர்களில் மூவருக்கு மேல் ஒரே கட்சியைச் சேர்ந்தவர்களாக இருக்கக்கூடாது என்கிறது. நாடாளுமன்றம் செலவுக்குப் பணம் ஒதுக்குகிறது. நீதிமன்றம் தவறான கட்டளையை நீக்கலாம். சந்தை நிலையத்தையும் ஆணைக்குழு கேள்வி கேட்கவேண்டும். 2022 மார்ச் 8ஆம் திகதி லண்டன் உலோகச் சந்தையில் நிக்கல் டொன் ஒன்று 100,000 டொலரைத் தாண்டியபோது, அந்த நிலையம் அன்று நடந்த ஏறக்குறைய 1,200 கோடி டொலர் பெறுமதியான வணிகத்தை இரத்துச் செய்தது. இலாபத்தை இழந்தவர்கள் நீதிமன்றம் போய்த் தோற்றார்கள். ஆனாலும் பிரித்தானிய நிதி நடத்தை அதிகாரசபை அந்த நிலையத்தின் ஆயத்தமின்மைக்காக 2025 மார்ச்சில் 92 இலட்சம் பவுண் அபராதம் விதித்தது. எண்ணெய் விலை எதிர்மறையான அன்று நடந்த வணிகம் செல்லுபடியாயிற்று, நிக்கல் விடயத்தில் இரத்தாயிற்று. எண்ணெய்ச் சந்தை செய்ததே சரியென்பது என் எண்ணம்; விலை எவ்வளவு அசிங்கமாக இருந்தாலும், முன்னரே சொன்ன விதியின்படி நடந்த வணிகம் செல்லுபடியாகவேண்டும்.

மூன்று ஏக்கர் செய்யும் விவசாயி இதில் நேரடியாகப் பங்குபற்ற முடியுமா?

தனியாக என்றால் மிகவும் கடினம். ஒரு ஒப்பந்தத்தின் அளவு பல டொன்னாக இருக்கும். அன்றன்றைய கணக்குக்குக் கையில் காசு வேண்டும். இந்தியாவில் விவசாய உற்பத்தியாளர் நிறுவனங்கள் உறுப்பினர்களின் விளைச்சலை ஒன்றாகச் சேர்த்து இந்தச் சந்தைகளில் விற்கின்றன. நட்டம் முதலில் கட்டும் தொகையோடு நின்றுவிடும் விருப்பத்தேர்வு ஒப்பந்தங்களும் அங்கே இருக்கின்றன. சிறு விவசாயிக்கு அவையே ஏற்றவை என்று நான் கருதுகிறேன். நம் கமக்காரர் அமைப்புகளும் கூட்டுறவுச் சங்கங்களும் முதலில் செய்யக்கூடியது அதைவிடச் சிறியது: சேர்ந்து காயவைப்பது, சேர்ந்து சேமிப்பது, சங்கத்துக்கென்று அளவு சரிபார்க்கப்பட்ட ஓர் ஈரமானி வாங்கி வைப்பது. நான் மேலே சொன்ன தகப்பனாரின் அமைப்பு வரும் மாசிக்கு முன் ஒன்றை வாங்குவதற்கு இப்போது காசு சேர்த்துக்கொண்டிருக்கிறது.